பிரேம்குமார் கடல் வரைந்த கதை

பிரேம்குமாருக்குக் கடல் என்றால் உயிர். கடலுக்கு அவன் யாரென்றே தெரியாது. கடல் உயிரியலில் முதுகலை முடித்த அன்றைக்கே அவனுக்குச் சனி பிடித்துவிட்டது என்பார் அவனுடைய மாமனார் ஆதிமூலம். பாகூரில் உரக்கடை வைத்திருப்பவர். நெல்லுக்கு எப்போது யூரியா போட வேண்டும் என்று தெரிந்த மனிதருக்கு, மருமகன் எதற்காகக் கடல் தண்ணீரைப் புட்டியில் பிடித்து எங்கோ கொடுத்துவிட்டு வருகிறான் என்பது கடைசிவரை புரியவில்லை. எனக்கும் புரிந்ததில்லை. பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் என்பதால் புரிந்த மாதிரி தலையாட்டி வைப்பேன்.

நான் மதிவாணன். அரியாங்குப்பத்தில் வீடு, நெல்லித்தோப்பில் பிளெக்ஸ் பேனர் கடை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, தலைவர் பிறந்தநாள் என்று எந்த முகத்தையும் எத்தனை அடிக்கு வேண்டுமானாலும் பெரிதாக்கித் தருவேன். ஊருக்குள் பேனர் வைக்கக் கூடாது என்று விழிப்புணர்வு பேனர் அடித்துக் கொடுத்தவனும் நான்தான். ஓரத்தில் ஒரு ஜெராக்ஸ் மிஷினும் ஸ்பைரல் பைண்டிங்கும் உண்டு. பிரேம்குமாரின் கடல்சார் வாழ்க்கை முழுவதும் என் கடை வழியாகத்தான் போனது. அதனால் அவன் கதையைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கிறது.

அவன் செய்ததெல்லாம் தற்காலிக வேலை. ஒரு திட்டம் முடியும், வீட்டில் உட்காருவான், இன்னொரு திட்டம் வரும், புட்டியைத் தூக்கிக்கொண்டு படகேறுவான். ஒரு தற்காலிகத்தில் சரிதாவைக் கல்யாணம் செய்தான். அடுத்த தற்காலிகத்தில் மகள் பிறந்தாள். சாரத்தில் வாடகை வீடு மட்டும்தான் அவன் வாழ்க்கையில் நிரந்தரம். சரிதா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் போடும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். வீடு நடந்தது அவளால்.

அவனோடு சேர்ந்தவர்களெல்லாம் நிரந்தரமாகிவிட்டார்களே, இவனுக்கு மட்டும் என்ன கேடு என்றால், ஒரே ஒரு கேடுதான். எடுக்காத தண்ணீருக்கு எண் எழுத மாட்டான். படகு கிடைக்கவில்லை, மழை, என்ஜின் மக்கர் என்று ஏதாவது காரணத்தால் ஓரிடத்தில் மாதிரி எடுக்க முடியாமல் போனால், மற்றவர்கள் போன மாதத்து எண்ணை லேசாகத் தட்டிக் கொட்டி இந்த மாதத்துக்கு எழுதுவார்கள். அறிக்கை பார்க்க அழகாக, பல்வரிசை போல இருக்கும். இவன் அறிக்கையில் மட்டும் பொக்கை பொக்கையாகக் காலிக் கட்டங்கள். "எடுக்கலன்னா எடுக்கலன்னுதானேடா எழுதணும்?" என்பான். இப்படிப்பட்டவனை எந்த அதிகாரி பக்கத்தில் வைத்துக்கொள்வான்?

இந்த நிலையில்தான் ஓர் அலுவலகத்தில் நிரந்தரப் பணியிடம் ஒன்று வந்தது. கடலோர வரைபட ஆய்வாளர். வயது வரம்பில் பிரேம்குமார் நூலிழையில் நின்றுகொண்டிருந்தான். இதை விட்டால் இனி எந்த அரசாங்க வேலைக்கும் மனுப் போட முடியாது. பாகூர் உரக்கடையில் மாமனார் அவனுக்காக ஒரு ஸ்டூலைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். "கடல் எங்கியும் போவாது மாப்ள, ஞாயித்துக்கிழமைல போயி பாத்துக்குங்க" என்று பெருந்தன்மையாகவும் சொல்லியிருந்தார்.

வேலைக்கு இரண்டு நிபந்தனை. ஜிஐஎஸ் படித்த சான்றிதழ் வேண்டும். புதுச்சேரிக் கடலைப் பற்றி ஒரு வரைபடம் தயாரித்து அதிகாரியிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். ஜிஐஎஸ்ஸுக்கு அரசுத் தமிழில் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது, சொல்லி முடிப்பதற்குள் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். பிரேம்குமார் எனக்கு விளக்கியது இவ்வளவுதான்: எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்ற கணக்கைக் கொடுத்தால் அது படமாகப் போட்டுக் காட்டும், இரண்டு படத்தை ஒன்றின்மேல் ஒன்று வைத்து என்ன சம்பந்தம் என்றும் சொல்லும்.

லாஸ்பேட்டையில் ஒரு மாடியில் வகுப்பு. கூடப் படித்தவர்கள் எல்லாம் மீசை முளைக்காத பயல்கள். மனை பிரித்து விற்கும் கம்பெனிகளுக்குப் போவதற்காகப் படிக்க வந்தவர்கள். சொல்லித் தருபவள் மரீஹா, முல்லா வீதியில் அத்தர் கடை வைத்திருக்கும் தாஜுதீன் பாயின் மகள். பிரேம்குமாரைவிட ரொம்பச் சின்னவள். இவன் அவளை "மேடம்" என்பான், அவள் இவனை "சார்" என்பாள். இரண்டு பேரில் யார் யாருக்கு வாத்தியார் என்று புதிதாக வருகிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும், இவன் வாயைத் திறக்கும் வரை.

முதல் வாரம் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மாற்றிப் போட்டு, குருசுக்குப்பத்தைத் தூக்கி வடதுருவத்துக்குப் பக்கத்தில் பனிக்கட்டி மேல் வைத்துவிட்டான். பயல்கள் கைதட்டினார்கள். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, பிடித்துக்கொண்டான். கடலில் அலைந்த இத்தனை வருஷத்து எண்களையும் கொடுத்துப் படமாகப் பார்த்தபோது, வகுப்பிலேயே அவன் கண் கலங்கிவிட்டதாக மரீஹா பிற்பாடு என்னிடம் சொன்னாள். எங்கே ஆழம், எங்கே ஆற்றுத் தண்ணீர் வந்து உப்பைக் குறைக்கிறது, எங்கே கரை அரிக்கிறது என்று எல்லாம் திரையில் நிறமாக வந்து நின்றதாம். ஒருதலைக் காதலனுக்கு முதன்முதலாகக் கடுதாசி வந்த சந்தோஷம்.

அந்தப் படிப்பில் இடைக்கணிப்பு என்று ஒரு வித்தை உண்டு. அளந்த இடங்களை வைத்து, அளக்காத இடத்தில் என்ன இருக்கும் என்று சொல்வது. இந்த வீட்டுச் சாம்பாரையும் அடுத்த தெருக் கடைசி வீட்டுச் சாம்பாரையும் ருசி பார்த்துவிட்டு, நடுவில் உள்ள வீட்டுச் சாம்பாரில் உப்பு எவ்வளவு என்று அடித்துச் சொல்வதைப் போல. நடு வீட்டில் இன்றைக்கு அடுப்பே பற்ற வைக்கவில்லை என்றாலும் அது சொல்லும். அதற்கு வெட்கம் கிடையாது.

வரைபடத்துக்கான கணக்குகளை அலுவலகமே கொடுத்தது. கடல்நீரின் உப்புத்தன்மை. புதுச்சேரி என்றால் புதுச்சேரி மட்டுமா? வெள்ளைக்காரன் தோசையைப் பிய்த்துப் போட்ட மாதிரி நாலு துண்டாக விட்டுவிட்டுப் போயிருக்கிறான். நாம் இங்கே, காரைக்கால் தெற்கே, ஏனாம் ஆந்திராவுக்குள், மாகே அந்தக் கோடியில் கேரளாவுக்குள், அரபிக்கடலோரம். நாலு துண்டின் எண்களும் ஒரே கோப்பில் வந்தன, அதுவும் தாமதமாக. பிரேம்குமார் அவசர அவசரமாக அத்தனையையும் மென்பொருளுக்குள் போட்டு இடைக்கணிப்பு என்ற பொத்தானை அமுக்கினான். படம் வந்தது. என் கடைக்கு ஓடி வந்தான். அகலமாக அடித்துக் கொடுத்தேன்.

என் தொழிலில் அப்படி ஓர் அழகான பேனர் அடித்ததில்லை. ஓரத்திலிருந்து ஓரம் வரை நீலம், பச்சை, மஞ்சள் என்று ஒன்றில் ஒன்று கரைந்து, இடைவெளியே இல்லாமல். மேலே அலுவலகத்தின் பெயர். நாலு ஊருக்கும் நாலு பொட்டு, வர்ணத்துக்கு அடியில் பொடியாகக் கரைக்கோடும் பக்கத்து மாநிலத்து ஊர்ப் பெயர்களும். இரண்டு பேரும் தள்ளி நின்று ரசித்துக்கொண்டிருந்தபோது மரீஹா வகுப்புக்கு விளம்பரத் தட்டி அடிக்கச் சொல்ல வந்தாள். படத்தைப் பார்த்தாள். நடுவில் ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"சார், இந்தப் பச்சை எந்த ஊரு?"

"எது மேடம்?"

"மாகேக்கும் பாண்டிக்கும் நடுவுல. இது சேலம் இல்ல?"

பிரேம்குமாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவள் விரலை நகர்த்தினாள். "சேலத்துல கடல் போட்டிருக்கீங்க. மேட்டூர்ல கொஞ்சம் உப்பு ஜாஸ்தி. இதோ பெங்களூரும் மூழ்கிடுச்சு. கடல் எங்க முடியுதுன்னு அதுக்குத் தெரியாது சார். கரையை வெச்சு நீங்கதான் வெட்டணும். ரெண்டாவது வாரமே சொன்னேன்ல?"

வேறு ஊர்க்காரன் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. கடலூர்க்காரன் அவன் கடலை மட்டும் போடுவான், முடிந்தது. இந்த மூலையில் ஒரு கடலும் அந்த மூலையில் ஒரு கடலும் வைத்துக்கொண்டு இரண்டும் ஒரே ஊர் என்று சாதிக்கிறவன் நம் ஆள்தான். பிரேம்குமார் தலையில் அடித்துக்கொண்டு, பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். மறுநாள் முழுக்க உட்கார்ந்து கரையோரமாக வெட்டிச் சரியான படத்தைக் கொண்டு வந்தான். பழைய பேனரை வீணாக்குவானேன் என்று கடை வாசலில் வெயிலுக்குக் கட்டிவிட்டேன். சேலத்துக் கடல் நிழலில் இரண்டு நாய்கள் நிம்மதியாகத் தூங்கின.

புதுப் படத்தைச் சுருட்டிக்கொண்டு அவனோடு நானும் அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி அரிகிருஷ்ணன் மேசைமேல் விரித்துப் பார்த்தார். சரியான படம்தான், ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை என்பதை ஒரு பேனர்காரனாக நான் ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வளவு பெரிய வெள்ளைத் துணியில் நாலு இடத்தில் சாயம் தெறித்த மாதிரி நாலு கீற்று.

"என்னாப்பா, முழுக்கக் காலியா இருக்குது?"

"சார், நடுவுல தரை சார்."

"தரைன்னு எனக்குத் தெரியாதா? நாலு துண்டா கெடக்குதுன்னுதானே எல்லாரும் நம்மள கேலி பண்றான். அதை நீ வேற கலர்ல போட்டுக் காட்டணுமா? மேலிடத்துல காட்டுனா என்னா நெனைப்பாங்க?" என்றார். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவராக நிமிர்ந்தார். "நெல்லித்தோப்புல ஒரு கடை வாசல்ல நம்ம ஆபீஸ் பேரு போட்டு ஒண்ணு கட்டியிருக்குதே. நாலும் ஒண்ணாச் சேந்து, ஜம்முனு. அது யாரு போட்டது?"

நான் என் செருப்பைப் பார்த்தேன். பிரேம்குமார் உண்மையைச் சொன்னான். அது தப்பான படம், அளக்காத இடத்தில் மென்பொருள் தானாகப் பூசிய வர்ணம், நடுவில் கேரளா மலையும் சேலமும் இருக்கின்றன என்று ஒன்று விடாமல் விளக்கினான். அரிகிருஷ்ணன் பொறுமையாகக் கேட்டார். பொறுமையாகக் கேட்கிற அதிகாரியைப் போல ஆபத்தானவர் யாரும் கிடையாது.

"சேலம் கீலம்னு அடுத்த மாநிலத்து ஊருங்க பேரு நம்ம மேப்புல எதுக்குப்பா? அந்தப் பேரெல்லாம் எடுத்துட்டா ஒண்ணும் தெரியப் போறதில்ல. திங்கக்கிழமைக்குள்ள அதைக் கொண்டா, கையெழுத்துப் போடறேன். இல்லன்னா வேற ஆளுங்க இருக்காங்க."

வெளியே வந்ததும் அரிகிருஷ்ணனைக் கண்டபடி திட்டினேன். பிரேம்குமார் சுருட்டிய படத்தை மடியில் வைத்துக்கொண்டு வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தான்.

சனிக்கிழமை சரிதா கடைக்கு வந்தாள். ஆஸ்பத்திரி அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது. புருஷன் முந்தாநாளிலிருந்து வாசலில் நின்று அந்தப் பேனரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நான்தான் போனில் சொல்லியிருந்தேன்.

"என்னா பிரச்சினை உனக்கு?" என்றாள். "சேலத்துக்காரன் எவனாவது வந்து எங்க ஊர்ல ஏன் கடல் உட்டேன்னு கேக்கப் போறானா?"

"அது இல்ல சரிதா. பொய்யி அது."

"பொய்தான். அதுல யாரு செத்தா? இத்தினி வருஷமா நீ காலியா உட்ட கட்டத்தையெல்லாம் யாரு ரொப்பினது? நான்தான் ரொப்பினேன். டபுள் ஷிப்ட் பாத்து ரொப்பினேன். இனிமே முடியாது. ஒண்ணு ஏணியில ஏறி அதைக் கழட்டிக் குடு, இல்ல எங்கப்பா கடைக்குப் போ."

கோபத்தில் சொன்னாளா, அலுத்துப் போய்ச் சொன்னாளா, தெரியவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன்மேலும் வரவில்லை. யார்மேல் வர வேண்டுமோ அவர் திங்கட்கிழமை கையெழுத்துப் போடக் காத்திருந்தார்.

பிரேம்குமார் ஏணியில் ஏறினான். நான் ஏறுகிறேன் என்றதற்கு விடவில்லை. முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்து இறக்கினான். கம்ப்யூட்டரில் பழைய கோப்பைத் திறந்து, பக்கத்து மாநிலங்கள், கரைக்கோடு, ஊர்ப் பெயர்கள் எல்லாவற்றையும் நீக்கிப் புதிதாக ஒன்று அடிக்கச் சொன்னான். அடித்துக் கொடுத்தேன். இப்போது அது இன்னும் அழகாக இருந்தது. நாலு பொட்டையும் கடலையும் தவிர உலகத்தில் வேறு எதுவுமே இல்லை.

வேலை கிடைத்தது. ஆதிமூலம் ஸ்டூலில் வேறு ஆளை உட்கார வைத்தார். மாப்பிள்ளையின் முகம் போட்டு "வாழ்த்தி மகிழும் பாகூர் உற்றார் உறவினர்" என்று என்னிடமே பேனர் அடித்தார். மரீஹாவுக்கு இனிப்போடு போய்ச் சேதி சொன்னான் பிரேம்குமார். அவள் இனிப்பை எடுத்துக்கொண்டாள். "ரொம்ப சந்தோஷம் சார். எங்கிட்ட படிச்சேன்னு மட்டும் வெளிய சொல்லிடாதீங்க" என்றாளாம்.

அதோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேன். ஆனால் படம் மேலிடம் வரைக்கும் போனது, பாராட்டு வாங்கியது, சட்டம் போட்டு மாட்டப்பட்டது. மாட்டிய பிறகு யாரோ ஒரு பெரியவர் அதன்முன் நின்று, தண்ணீர் மாதிரி எடுக்கும் நாலு நிலையங்களுக்கும் நடுவே இடைவெளி அதிகமாக இருக்கிறதே, அறிவியல் முறைப்படி நடுவில் ஒன்று வேண்டாமா என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அரிகிருஷ்ணன் உடனே மாகேக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் விரலை வைத்தார். ஐந்தாம் நிலையம் பிறந்தது. ஊர்ப் பெயர் கிடையாது, அட்சரேகை தீர்க்கரேகை மட்டும். ஐந்து நிலையங்களிலும் காலாண்டுக்கு ஒருமுறை கடல்நீர் மாதிரி எடுத்து அறிக்கை தர வேண்டும் என்று ஆய்வாளர் பிரேம்குமாருக்கு ஆணை வந்தது. அவன் சுற்றி வளைத்து எடுத்துச் சொல்லிப் பார்த்திருக்கிறான். "ஆர்டர் வந்துட்டுதுப்பா. அப்பவே சொல்றதுக்கு என்னா?" என்று கேட்டாராம் அரிகிருஷ்ணன்.

முதல் காலாண்டு அறிக்கை பைண்டிங்குக்கு என் கடைக்கு வந்தது. புரட்டினேன். நாலு நிலையங்களுக்கும் எண்கள். ஐந்தாவதற்கு நேராக ஒரே வரி: "கடல் சீற்றம் காரணமாக மாதிரி எடுக்க இயலவில்லை."

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. மேட்டூருக்கும் சேலத்துக்கும் நடுவில், யாரோ ஒருவருடைய மரவள்ளிக் காட்டில், கடல் சீற்றம்! கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் பிரேம்குமார் சிரிக்கவில்லை. என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிரிப்பு வருதுல்ல?" என்றான்.

"வராம?"

"வரும்ல" என்று திரும்பவும் சொல்லிவிட்டு, அறிக்கையை வாங்கிக்கொண்டு வேகமாகப் போனான். இத்தனை நாளாக இல்லாத தெம்பு அவன் நடையில் இருந்தது.

மூன்று மாதம் கழித்து அலுவலகக் கோப்பு ஒன்றை நகல் எடுக்கக் கொண்டு வந்தான். அந்த அறிக்கைதான், போக வேண்டிய மேசைக்கெல்லாம் போய்விட்டுத் திரும்பியிருந்தது. கடைசிப் பக்கத்தில் வரிசையாகக் கையெழுத்துகள். பச்சை மை, நீல மை, சிவப்பு மை. எல்லாவற்றுக்கும் மேலே ஒருவர் எழுதியிருந்தார்: "பார்வையிடப்பட்டது. ஐந்தாம் நிலையத்துக்குச் செல்லும் பணியாளர்களுக்குப் பாதுகாப்பு மிதவை அங்கி வழங்க ஆவன செய்க."

நான் மறுபடி சிரிக்கப் போனேன். அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"யாராவது ஒருத்தரு சிரிப்பாங்கன்னுதான்டா அப்படி எழுதினேன்" என்றான். "சிரிச்சா, என்னாய்யா இதுன்னு கேப்பாங்க. கேட்டா, எல்லாத்தையும் சொல்லிடலாம்னு இருந்தேன். வேலை போனாலும் போவுதுன்னு இருந்தேன். சரிதாகிட்டகூட சொல்லிட்டேன், அவளும் சரின்னுட்டா. இத்தினி பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஒருத்தருக்குக்கூட சிரிப்பு வரல."

"நான் சிரிச்சேனேடா."

"உன் கையெழுத்து யாருக்கு வேணும்?"

நகலை எடுத்து அடுக்கிக் கொடுத்தேன். பையிலிருந்து இன்னொரு கட்டை எடுத்தான். இந்தக் காலாண்டின் அறிக்கை, பைண்டிங் போட வேண்டும் என்றான். ஐந்தாம் நிலையத்துக்கு நேராகப் பார்த்தேன். உப்புத்தன்மை முப்பத்துநாலு என்று இருந்தது.

"இது எப்படிடா?" என்றேன்.

"பக்கத்து நிலையங்களை வெச்சு மென்பொருளே குடுத்துடுச்சு" என்றான். "ஓட்டை போட்டுக் குடு. அஞ்சு மணிக்குள்ள சேக்கணும்."

ஓட்டை போட்டுக் கொடுத்தேன்.